கவிதாவின் திங்கட்கிழமை

முதலில் வீங்கியது கால்கள்தான். ஒரு ஞாயிறு காலை ஆராதனைக்குக் கிளம்பும்போது செருப்பு ஏறவில்லை. பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடம் நின்றே வேலை பார்த்த கால் வீங்காமல் என்ன செய்யும் என்று, வாரைத் தளர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த அலட்சியத்துக்கு நானே பொறுப்பு.

மூன்று மாதம் கழித்து கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) அளவைப் பார்த்த டாக்டர், மாத்திரையால் ஆகிற கட்டம் தாண்டிவிட்டது என்றார். இடது கையில் ஃபிஸ்டுலா (ஊசி ஏற்ற வசதியாக இரண்டு ரத்தக்குழாய்களை இணைப்பது) வைத்தார்கள். இனி வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் (ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்து உடம்புக்குத் திருப்பி அனுப்புவது). காலியாக இருந்தது ஒரே இடம்: புதனும் ஞாயிறும், காலை ஏழிலிருந்து பதினொன்று.

"ஞாயிறு வேண்டாங்க. எனக்குச் சர்ச் இருக்கு" என்றேன்.

"வேற நாளே இல்லீங்களே" என்றார் டாக்டர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூர் வந்த நாளிலிருந்து ஒரு ஞாயிறுகூட நான் கம்பெனி கேட்டைத் தாண்டியதில்லை. முதலாளியிடம் பேசி வாங்கிய உரிமை அது. சபையில் அதைச் சாட்சியாகவே சொல்லியிருக்கிறேன்.

சொல்லாத ஒன்றும் உண்டு. ஷிப்மென்ட் நெருங்கினால், நான் சூப்பர்வைசராக இருந்த தையல் லைன் ஞாயிறும் ஓடும். சனி மாலையே, "நாளைக்கு எல்லாரும் வந்துருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். ஆராதனையில் பாட்டு ஆரம்பித்ததும் வெளியே வந்து, எத்தனை பீஸ் முடிந்தது என்று போனில் கேட்பேன். அவர்கள் தைப்பார்கள், நான் ஓய்வுநாளை ஆசரிப்பேன். இதில் ஏதோ இடிக்கிறது என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

வேறு வழியில்லாமல் ஞாயிறுதோறும் டயாலிசிஸுக்குப் போனேன். மூன்றாவது மாதம், சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறு வந்தது. காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போன் செய்து பொய் சொன்னேன். மனைவி எஸ்தரிடம் இன்றைக்கு மெஷின் ரிப்பேர் என்று இன்னொரு பொய். கர்த்தருடைய நாளுக்காகத்தானே என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்தேன். அன்று மத்தியானம் விருந்துச் சாப்பாடு, டாக்டர் சொன்ன அளவை மறந்து அதற்கேற்ற தண்ணீர்.

திங்கள் காலை படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் இழுத்துப் பிடித்தேன். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. சாகப்போகிறோம் என்று நிஜமாகவே பயந்தேன்.

"உங்க கிட்னி ரெண்டும் லீவு போட்டாச்சுங்க. நீங்களும் லீவு போட்டா எப்படிங்க?" என்றார் டாக்டர். எஸ்தர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊசி ஏற்றியது கவிதா. ஞாயிறுதோறும் எனக்கு மெஷின் போடுகிற டெக்னீஷியன். சீருடை இல்லாமல், வீட்டுச் சுடிதாரில் வந்திருந்தாள். இரண்டு மணி நேரம் கழிந்து பேச்சு வந்ததும் கேட்டேன்.

"இன்னைக்கு உனக்கு டூட்டியாம்மா?"

"இல்லீங்கண்ணா. திங்கக்கெழமதான் எனக்கு லீவு. எமர்ஜென்சி, ஆளில்லைன்னு கூப்பிட்டாங்க. சேவூர்ல இருந்து பஸ் புடிச்சு வந்தனுங்க."

"ஏதாவது வேலை வெச்சிருந்தியா?"

"ஒண்ணுமில்லீங்க. தூங்கலாம்னு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. குழாயைச் சரிபார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் பத்துக் கட்டளைகளையும் ஒரே மூச்சில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். ஓய்வுநாளில் வேலை செய்யாதே என்கிற அந்த நான்காம் கட்டளை என்னோடு நிற்பதில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, வாசலுக்குள் இருக்கும் அந்நியன் என்று பட்டியல் நீள்கிறது. என் லைனில் தைத்த ஒடிசாக்காரர்கள் அதில் இருந்தார்கள். கவிதா இருந்தாள். நான் எனக்கு உரிய 'நீ' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட்டேன்.

இதே கட்டிலுக்கு வரப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: எந்தப் பக்திக்காகவும் ஒரு முறைகூடத் தவறவிடாதீர்கள். நான்கு மணி நேரம் இடது கையை அசைக்கக் கூடாது. மூக்கு அரித்தாலும் வலது கைதான். இதைக் கர்த்தர் தந்த ஓய்வு என்று போதகர் ஆறுதல் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. கட்டிப்போடுவது ஓய்வாகாது. மாற்றுச் சிறுநீரகத்துக்கு வழியில்லாத எனக்கு இதிலிருந்து விடுதலையும் கிடையாது.

கவிதாவுக்கு ஞாயிறு தர என்னால் முடியாது. அவளுடைய ஞாயிற்றுக்கிழமை வேலையே நான்தான். அவள் திங்களைக் கெடுக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான். ஞாயிறு சுத்தம் செய்த மறுநாளே மூச்சு முட்டிவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திங்களன்று, டாக்டர் அளந்துவிட்ட தண்ணீரில் ஒரு மடக்கைக் குறைத்துக்கொள்கிறேன். ஆசரிக்க எனக்கென்று மிஞ்சியிருக்கும் கிழமை அது ஒன்றுதான்.

போன திங்கள் நல்ல வெயில். எஸ்தர் டம்ளரோடு வந்து நின்றாள். "கணக்குல இன்னும் ஒரு மடக்கு இருக்கு. குடிங்களேன், ஒண்ணும் ஆவாது."

"நாளைக்குக் குடிக்கேன்" என்றேன்.

மணி பதினொன்று. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. சேவூரில் கவிதா தூங்கிக்கொண்டிருப்பாள்.