பானெட்டில் வைத்த கை

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும். சூடான இன்ஜின் தன் கோளாறுகளை மறைத்துவிடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், என் சேமிப்பு முழுவதையும் ஒரு பழைய காண்டஸாவில் போடத் துணிந்தபோது, எனக்குத் தெரிந்திருந்தது இது ஒன்றுதான்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் காரை விற்கவிருந்தவர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். நான் வேண்டுமென்றே ஒரு மெக்கானிக்குடன் ஆறரைக்கே போய், பானெட்டில் கை வைத்தேன். சுட்டது. பின் சீட் ஈரமாக இருந்தது.

"ஸ்டார்ட்டிங் ட்ரபுள் சார். அத்த மறைக்கத்தான் ஓட்டி வெச்சிகிறாரு. சீட்டு வேற ஈரமா கீது, தண்ணில நின்ன வண்டி" என்று மெக்கானிக் என் காதைக் கடித்தார்.

"விடிஞ்சதும் எங்க சார் போயிட்டு வந்தீங்க?" என்று ஆசிரியரிடம் கேட்டேன்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு. தாம்பரத்துல ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்து, இப்பதான் சீட்டைக் கழுவினேன்."

"நல்ல கதை" என்றேன், அவர் காதில் விழும்படி.

நான் குனிந்து காரின் அடியில் துருவைத் தேடிக்கொண்டிருந்தபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது. கசங்கிய புடவையோடு இறங்கிய பெண்மணி, "சார், பேத்தி பொறந்திருக்கா! அஞ்சு நிமிஷம் லேட்டாயிருந்தா உங்க வண்டியிலயே பொறந்திருப்பா" என்று ஆசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

முழங்காலில் மண்ணோடு எழுந்தேன். ஆசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாளைக்கு வாங்க சார். இன்ஜின் ஆறியிருக்கும்."

மறுநாள் போக எனக்கு முகமில்லை. அந்தக் கார் வேறொருவருக்குப் போனது. இன்றும் பழைய கார் பார்க்கப் போனால் முதலில் பானெட்டைத்தான் தொடுகிறேன். சூடாக இருந்தால், எங்கே போனீர்கள் என்று கேட்கிறேன். பதிலை முழுதாகக் கேட்டுக்கொள்கிறேன்.