ஊமைப்படமும் தாழ் போடாத கதவும்

பேசும் படங்கள் எனக்கு ஆகாது. துறைமுகத்துக் கிளியரிங் ஆபீசில் நாள் முழுக்கப் போனில் கத்தித் தொலைத்துவிட்டு வருகிறவனுக்கு, வீட்டிலும் எவனாவது வசனம் பேசினால் ரிமோட்டைத் தூக்கி எறியத்தான் தோன்றும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊமைப்படம்தான். அதிலும் பேய்ப்படம் என்றால் உயிர்.

அன்று போட்டது ஏதோ குளிர் நாட்டுப் படம். கடலில் செத்த மாலுமி ஒருவன் வீடு திரும்புகிறான். ஒரே ஃபிலிமில் இரண்டு முறை பிடித்திருப்பார்கள் போல. அவன் நெஞ்சு வழியாகப் பின்னாலிருக்கும் கதவு தெரிந்தது. உள்ளே பெண்டாட்டி மேசையில் அவனுக்கும் ஒரு தட்டு வைக்கிறாள். அவன் வாசலில் நின்று வாயை அசைக்கிறான். பின்னணி இசைகூட இல்லாத பிரதி அது. அடப்பாவிகளா, நூறு வருஷத்துக்கு முன்னால் இதை எப்படி எடுத்தீர்கள் என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இன்றைக்குப் பேயைக் காட்ட ஆயிரம் சத்தம் போடுகிறார்கள், ஒரு மயிரும் சிலிர்ப்பதில்லை.

குசினியிலிருந்து அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"ஏலே, சத்தத்தக் கூட்டு. அந்தப் பய என்னமோ சொல்லுதாம்லா."

"ஊமைப்படம்மா. சத்தமே கெடையாது."

"அப்போ அவளுக்கு எப்படிக் கேக்கும்?"

"கேக்காது. அதான் படமே."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சங்கு குளிக்கப் போன என் தம்பி திரும்பவில்லை. படகிலிருந்து அவனுக்குக் காற்று விட்ட குழாய் மட்டும் மேலே வந்தது. எத்தனையோ படகுகள் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. கடலுக்குப் போனவன் கரையேறும்வரை வாசல் கதவில் தாழ் போடக் கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். உடம்பு கிடைக்காவிட்டால் அவன் உடுப்பைப் பெட்டியில் வைத்து, மாதா கோவிலில் பூசை முடித்து, அடக்கம் செய்த பிறகுதான் தாழ். அதற்கு அம்மா சம்மதிக்கவே இல்லை. "அவன் செத்தத நீ கண்ணால பாத்தியாலே?" என்பாள். இரண்டு மழைக்காலம் கதவு வெறுமனே சாத்தியே கிடந்தது. காற்றடித்துத் திறந்துகொண்டால் விருட்டென்று எழுந்து போய்ப் பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நாய்தான் வரும், போம்மா" என்று கத்துவேன்.

படத்தில் அந்த மாலுமியோடு செத்த கூட்டாளிகள் கரையில் காத்து நின்றார்கள். பார்த்துப் பார்த்து ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கடைசிவரை அவள் தட்டு வைப்பதை நிறுத்தவில்லை, அவனும் வாசலை விட்டு நகரவில்லை. அப்படியே படம் முடிந்துவிட்டது.

அம்மா கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டாளியெல்லாம் போயிட்டானுவ. இவ சோறு வச்சி சோறு வச்சி இவன நிறுத்திப்புட்டாளே" என்றாள். பிறகு மெல்ல, "நம்ம புள்ளையும் இப்படித்தான் நிக்கானோ?"

"யம்மா, அது வெறும் படம்."

"நீ சும்மா கெட."

அலமாரியைத் திறந்து தம்பியின் நீலச் சட்டையை எடுத்தாள். மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். "ஃபாதர்ட்ட போயிச் சொல்லுலே, பூசை வைக்கணும்னு. போதும். அவன் போட்டும்."

அந்த வாரமே அடக்கம் நடந்தது. பெட்டியைத் தூக்கினோம். கனமே இல்லை.

இதற்குத்தானே இத்தனை நாளும் அவளோடு மல்லுக்கு நின்றேன்? அக்கடா என்றிருக்க வேண்டும். அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா வாசல் கதவைச் சாத்தினாள். தாழ் துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். பிறகு முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனாள்.

நாசமாய்ப் போன அந்தத் தாழ் விழுந்த சத்தம் காதிலேயே நின்றது. அவள் நம்புகிறாள் என்ற தைரியத்தில்தான் நான் நம்பாமல் இருந்திருக்கிறேன். இனி அவன் வந்தால் யார் எழுந்து போய்ப் பார்ப்பது?

எழுந்து போய், சத்தம் வராமல் தாழை நீக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.