படத்தில் இல்லாத ஆறாவது ஆள்

குச்சவெளி பஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்கிறார்கள். எரிச்சலோடு துறைமுக வீதிச் சலூன் ஒன்றில் சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக்கு மேலே ஒரு பழைய படம் தொங்குகிறது. கடற்கரையில் கிற்றார்களோடு ஐந்து இளைஞர்கள் நிற்கிறார்கள். நடுவிலுள்ள ட்ரம்மில் ‘கடற்குருவிகள்’ என்று எழுதியிருக்கிறது.

“ஐந்து பேர் கொண்ட பொப் இசைக் குழுவோ?”

“ஆறு பேர், ஐயா,” என்கிறார் சலூன்காரர். “ட்ரம்மோட நிக்கிறது நான். ரெண்டு பேர் இப்ப கனடா. மற்ற ரெண்டு பேரும் செத்துப்போச்சினம். பாட்டெல்லாம் கட்டினவன் இதில இல்லை. கமரா அவன்ர, அவன்தான் படம் எடுத்தவன்.”

“அவர் எங்கே?”

கத்தி என் தாடையில் நின்றுவிடுகிறது.

“சண்டைக் காலத்தில ஆமிக்காரங்கள் விசாரிக்க வேணுமெண்டு கூட்டிக்கொண்டு போனவங்கள். பிறகு வரேல்லை. வீட்டில இருந்த, அவன்ர முகம் உள்ள படங்களையெல்லாம் சுனாமி கொண்டுபோட்டுது.”

படத்தின் அடியில், மணலில் நீண்டு கிடக்கும் ஒரு நிழலை இப்போதுதான் கவனிக்கிறேன். கமராவைப் பிடித்த முழங்கைகள் இரண்டும் அதில் விரிந்திருக்கின்றன.

“காணாமல் போன ஆக்களின்ர தாய்மார், பிள்ளையள் எங்கையெண்டு கேட்டு வீதியில படத்தோட இருக்கினமெல்லோ? அவன்ர அம்மா இதைத்தான் என்னட்ட வாங்கிக்கொண்டு போறவ. ஆர் உங்கட மகன் எண்டு கேட்டா, அந்த நிழலில விரலை வைப்பா.”