நிலத்துக்குக் கீழே எனக்கு இடம் விட்டவர்கள்

செத்தவர்களைக் கழுவித் துடைத்து உடுப்பு மாற்றிப் படுக்க வைப்பது என் வேலையில் ஒரு பகுதி. லண்டனில், ஹவுன்ஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். விடியப்புறம் ஆளில்லாத அறையில் தனியாக நின்று செய்திருக்கிறேன், அடுத்த அறை மணியடித்தால் அரைவாசியில் விட்டுவிட்டுப் போய்த் திரும்பியும் வந்திருக்கிறேன். பேய், ஆவி என்று ஏதாவது இருந்திருந்தால் முதலில் எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுமில்லை. செத்த ஆள் கொஞ்சம் பாரம் கூட, அவ்வளவுதான். கூட வேலை செய்யும் பிள்ளைகள் அந்த அறையில் நிழல் கண்டேன், இந்தக் கதவு தானாகத் திறந்தது என்று சொல்லும்போது, சரி, போய்த் தேத்தண்ணி குடியுங்கோ என்று அனுப்பிவிடுவேன். அதனால் நான் இப்போது சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்களும் எனக்கு அப்படிச் சொன்னால் நான் கோபிக்க மாட்டேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எங்கள் மகள் அபிக்கு எட்டு வயது. என் கணவர் குகன் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்கும் வேலை, நான் இல்லத்தில், ஒருவர் வீட்டுக்குள் வர மற்றவர் வெளியே போவோம். இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று மாறி மாறிச் செய்ததில் எனக்கு நித்திரை என்பதே கெட்டுப்போயிருந்தது. படுத்தால் கண் மூடும், ஆனால் ஒரு காது திறந்தே கிடக்கும். அது யாழ்ப்பாணத்தில் பழகிய பழக்கம், ஷெல் வருகிறதா, பொம்பர் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்த பழக்கம். லண்டனுக்கு வந்து இத்தனை காலமாகியும் அந்தக் காது மட்டும் மூடவில்லை.

அந்தக் கோடையில் பாரிஸில் இருக்கும் இவருடைய தம்பி ராஜன் போன் பண்ணினான்.

"அண்ணி, தெற்குப் பக்கம் ஒரு கிராமத்தில வீடு எடுத்திருக்கிறன். ஒரு கிழமை வாங்கோ. சனமில்லை, சத்தமில்லை. நல்லா ஆறலாம்."

ஆறலாம் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் போனேன். கப்பலில் காரை ஏற்றிக் கடலைக் கடந்து, பாரிஸில் ஒரு இரவு தங்கி, பிறகு நாள் முழுக்க ஓடி, அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கால் இரண்டும் வேறு யாருடையதோ போலிருந்தது. அழகான ஊர்தான், பொய் சொல்லக்கூடாது. மஞ்சள் கல்லில் கட்டிய வீடுகள், பாண் சுடுகிற ஒரு கடை, ஒரு தேவாலயம், சுற்றிவர அக்ரூட் தோட்டங்கள், கீழே ஒரு சிற்றாறு. ஆனால் ராஜன் என்னை எங்கே ஆறவிட்டான்? ஊர் மண்டபத்தில் எடுத்த சுற்றுலாப் படத்தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் இடிந்த கோட்டை, ஒரு நாள் சுவரெல்லாம் சித்திரம் வரைந்த சின்னக் கோயில், ஒரு நாள் பழைய கல்பாலம், அதிலிருந்து காட்டுக்குள் நடை. அபிக்குப் புளுகம், துள்ளிக்கொண்டு முன்னால் ஓடினாள். இவருக்கும் புளுகம். நான் ஒவ்வொரு இடத்திலும் எங்கே ஒரு கல் இருக்கிறது, குந்துவதற்கு, என்று பார்த்துக்கொண்டு நடந்தேன்.

ஊரைவிட்டுப் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போதுதான் அந்த நிலக்கீழ் அறைகளுக்குப் போனோம். தோட்டம் செய்கிற ஒரு கமக்காரருடைய காணிக்குள் இருந்தது. வயசான மனிதர், முழங்கால் வரைக்கும் சப்பாத்து, கையில் ஒரு பெரிய திறப்பு. மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு சின்ன இரும்புக் கதவு, அந்தத் திறப்பைப் பூட்டில் போட்டுத் திருப்பித் திறந்தால் கல்லைக் குடைந்த படி கீழே போகிறது. அந்தக் காலத்தில் படை வரும்போது ஊர்ச்சனம் பிள்ளைகுட்டி, ஆடு, தானியம் எல்லாவற்றையும் கொண்டுபோய் அதற்குள் ஒளித்திருக்குமாம். அவர் சொல்லச் சொல்ல ராஜன் தமிழில் சொன்னான்.

"எந்த ஆமி எண்டு கேளடா," என்றார் இவர்.

ராஜன் கேட்டான். அந்த மனிதர் தோளைக் குலுக்கி ஏதோ சொன்னார்.

"எல்லா ஆமியும்தானாம்," என்றான் ராஜன்.

நாங்கள் சிரித்தோம். அந்த மனிதரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

உள்ளே வாசல்கள் எல்லாம் வேண்டுமென்றே பதிவாக வெட்டியிருந்தார்கள், வருகிறவன் தலையைக் குனிந்துதான் வர வேண்டும், குனிந்த தலையில் உள்ளே இருப்பவன் அடிக்கலாம். காற்றுக்கு மேலே துளைகள். ஒரு கம்பியில் சின்னச் சின்ன மின்குமிழ் தொங்கவிட்டிருந்தார்கள், அதற்குச் சுவிட்ச் வாசலில். எனக்குப் பயம் வரும் என்று நினைத்துத்தான் இறங்கினேன், எங்கள் வீட்டுப் பின்வளவில் பனங்குற்றி அடுக்கிய பங்கருக்குள் இருந்த ஆள்தானே நான். ஆனால் பயம் வரவில்லை. குளிர்ச்சியாக இருந்தது. வெளியே வெயில் கொளுத்தியது.

மூன்றாவது அறையோ நான்காவதோ, அதில் சுவரோடு சுவராகக் கல்லிலேயே நீளமான ஒரு இருக்கை வெட்டியிருந்தது. அதற்கப்பால் போக வேண்டுமென்றால் தவழ வேண்டும். அந்தப் பாதை ஆற்றுப் பக்கம் போய் வெளியே வரும் என்றார் ராஜன் வழியாக அந்த மனிதர்.

"எனக்குத் தவழ ஏலாது. நீங்கள் போங்கோ, நான் இதில கொஞ்சம் இருந்திட்டு வந்த வழியால வாறன்," என்றேன்.

"கெதியா வாரும், என்ன," என்று சொல்லிவிட்டு இவர் அபிக்குப் பின்னால் தவழ்ந்து போனார். ராஜனும் அவன் மனைவி மாலாவும் அந்தக் கமக்காரரும் அவர்களோடு போனார்கள். அபியின் சிரிப்பு கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

நான் சுவரில் சாய்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, லைட் அணைந்தது. அந்த மனிதர் மற்றப் பக்கத்தால் வெளியே போய், சுற்றி வந்து, நான் எப்போதோ காருக்குப் போயிருப்பேன் என்று நினைத்துச் சுவிட்சை அணைத்துக் கதவைப் பூட்டியிருக்கிறார். இது பிறகு தெரிந்தது. அந்த நேரம் எனக்கு எழும்பிக் கத்த வேண்டும் என்றே தோன்றவில்லை. நம்பினால் நம்புங்கள், அவ்வளவு அலுப்பு. யாரோ லைட்டை அணைத்துவிட்டார்கள், நல்லது, என்றுதான் நினைத்தேன்.

கொஞ்சத்தில் பக்கத்தில் ஆள் இருப்பது தெரிந்தது. மாலாதான் திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்து நான் கொஞ்சம் நகர்ந்தேன், அவளும் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அவளுக்கு அப்பால் இருந்தவர்களும் நகர்ந்தார்கள். பஸ்ஸில் சீட்டில் தள்ளியிருப்பார்களே, அப்படி ஒருவர் பின் ஒருவராக, துணி கல்லில் உரசுகிற சத்தம் அந்த நீளத்துக்கும் போனது. அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும், ஆனால் நான் அவள் தோளில் தலையைச் சாய்த்துவிட்டேன். மாலா அன்று போட்டிருந்தது மெல்லிய பருத்திச் சட்டை. என் கன்னத்தில் பட்டது சொரசொரவென்ற தடித்த கம்பளி, ஆட்டுவாடையும் புகைவாடையும். ஒரு கை என் மேற்கையை மெல்லத் தட்டிக்கொடுத்தது. நான் நித்திரையாகிவிட்டேன். அந்தக் காதும் மூடிவிட்டது. சின்ன வயதுக்குப் பிறகு அப்படி நான் நித்திரை கொண்டதில்லை.

பிறகு சத்தம். சப்பாத்துக் கால்கள் கல்லில் ஓடுகிற சத்தம், ஆண்கள் கத்துகிறார்கள், என்ன மொழி என்று விளங்கவில்லை, வெளிச்சம் ஒன்று எதிர்ச் சுவரில் ஓடிப்போனது. பக்கத்தில் இருந்தவளின் கை என் வாயைப் பொத்தியது. வெடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. இருக்கை முழுவதும் ஒருவரும் மூச்சு விடவில்லை. எனக்கு அது புதுமையாகவே தெரியவில்லை, ஆமி வந்தால் அப்படித்தானே இருப்போம். வெளிச்சம் எங்களுக்கு மேலாகப் போனது. திரும்பவும் வந்தது. பிறகு சத்தம் தூரமாகிவிட்டது, கை என் வாயிலிருந்து எடுபட்டது.

கண்ணைத் திறக்கும்போது மின்குமிழ்கள் எரிந்துகொண்டிருந்தன. நான் தனியாக இருந்தேன். எழும்பி வந்த வழியால் குனிந்து குனிந்து போனேன், கதவு திறந்திருந்தது, வெளியே வந்தால் வெயில் சாய்ந்து அக்ரூட் மரங்களின் நிழல் கொட்டில் வரைக்கும் நீண்டு கிடக்கிறது. இவர் நிலத்தில் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் கையை ஊன்றி எழும்பினார்.

"சாந்தி! எங்க இருந்தனீர்?"

"உள்ளதான். அந்தக் கல்லில."

"அந்தக் கல்லிலயோ? நான் ரெண்டு தரம் போய்ப் பாத்தனான். டோர்ச் அடிச்சு, கையால தடவியும் பாத்தனான். நீர் இருக்கேல்லை."

"நித்திரையாப் போனன்."

"அதில ஒருத்தரும் இருக்கேல்லை எண்டு சொல்லுறன். உம்மடை பேரைச் சொல்லி எவ்வளவு கத்தினனான்."

உள்ளே நான் கேட்ட சத்தம் அதுதான். கத்தினது இவர். என் பெயரைத்தான் சொல்லிக் கத்தியிருக்கிறார். உள்ளே இருக்கும்போது எனக்கு அது தமிழென்றே விளங்கவில்லை.

அபி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, அப்பா வாஸ் க்ரையிங்," என்று காதுக்குள் சொன்னாள். ராஜன் காட்டுப் பக்கமும் ஆற்றுப் பக்கமும் தேடிவிட்டு வந்து மூச்சு வாங்க நின்றான். மாலா என் அருகில் வரவே இல்லை, தூரத்தில் நின்று என்னையே பார்த்தாள். கமக்காரர் வீட்டுக்குள் தீயணைப்புக்காரருக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார். அவரிடம் ராஜன் போய்ச் சொல்ல, வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார், நான் குடிக்கும் வரைக்கும் நின்றார், கிளாஸை வாங்கிக்கொண்டு போய்க் கதவைப் பூட்டினார்.

அன்று பொழுதுபட, சமையலறையில் நானும் இவரும் மட்டும் இருக்கும்போது இவர் சொன்னார், "இஞ்சேரும், ஒண்டு சொல்லட்டே. அந்தக் கல்லு சூடா இருந்தது."

"நான் இருந்த இடமா இருக்கும்."

"இல்லை. அந்த நீளம் முழுக்க."

அதற்குப் பிறகு நாங்கள் இதைப் பற்றிக் கதைக்கவில்லை. லண்டனுக்குத் திரும்பினோம், மறுநாளே எனக்கு ஷிப்ட். இவர் தனக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார், அறை மாறிப் பார்த்துவிட்டேன், அவசரத்தில் கவனிக்கவில்லை என்று. யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்லுவார். நானும் தலையாட்டுவேன். அதோடு நான் இப்போது நன்றாக நித்திரை கொள்கிறேன், படுத்தால் அடித்துப்போட்டது மாதிரி, இவரே சொல்லுவார், பிரான்ஸ் போய் வந்தது உமக்கு நல்லதாப் போச்சு என்று.

இவருக்கும் சொல்லாமல், உங்களுக்கும் இதுவரை சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அந்தக் கை என் வாயைப் பொத்தியபோது என் கையும் சும்மா இருக்கவில்லை. எனக்கு மற்றப் பக்கத்தில், மடியோடு ஒட்டினாற்போல ஒரு பிள்ளை இருந்தது. எப்போது வந்ததென்று தெரியாது. அபி என்றுதான் நினைத்தேன், ஆனால் அபி வளர்ந்தவள், இது என் உள்ளங்கைக்குள் அடங்குகிற முகம். சப்பாத்துச் சத்தம் கிட்ட வர அது மூச்சை உள்ளே இழுத்தது. பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த இழுப்புத் தெரியும், அதற்கடுத்தது அழுகைதான். நான் யோசிக்கவில்லை, பொத்திவிட்டேன். வாயும் மூக்கும் எல்லாம் சேர்ந்து என் கைக்குள். சூடும் எச்சிலும் பட்டது.

சத்தம் போன பிறகு அந்த மனுசி என் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நான் எடுக்கவில்லை. பின்னால் இன்னொருவன் வருவான் என்று நினைத்தேனோ என்னவோ. அவள்தான் இருட்டில் தேடிப்பிடித்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். அவசரப்படாமல் எடுத்தாள். அதற்குப் பிறகு நான் காது கொடுத்துக் கேட்டேன். பிள்ளை அழவில்லை.

நித்திரையாகியிருக்கும். சின்னப் பிள்ளைகள் அப்படித்தானே.