அறுத்தவருக்கு ஈரக்குலை

கம்பம் சந்தையில் கறிக்காரர், இதயமும் ஈரலும் நுரையீரலும் ஒன்றாய்த் தொங்கும் ஈரக்குலையைக் கொக்கியில் மாட்டினார். அந்தப் பச்சை ரத்த வாடையில், சின்ன வயதில் நாங்கள் இருந்த, மலைமேல் அணை கட்டிய முகாமுக்கே நினைவு போய்விட்டது.

அப்பா அங்கே வெள்ளைக்காரர்களுக்கு ஆடு அறுப்பவர். அறுத்தவருக்கு ஈரக்குலை என்பது வழக்கம். அன்று அம்மா அதை வதக்கிக்கொண்டிருந்தபோது ஆற்றில் வெள்ளம் வந்தது. நடுப்பாறையில் கூலியாட்கள் சிக்கிக்கொண்டார்கள். கயிற்றோடு நீந்திப் போக யாரும் துணியவில்லை.

"போகாதீக, எனக்கு ஈரக்குலை நடுங்குது" என்று அம்மா அவர் கையைப் பிடித்தாள். அப்பா உதறிவிட்டு இறங்கினார். கயிறு பாறைக்குப் போய்ச் சேர்ந்தது, ஆட்கள் பிழைத்தார்கள். அப்பாவை வெள்ளம் கொண்டுபோயிற்று.

சாயங்காலம் துரை வந்து, தொப்பியைக் கழற்றி, "ப்ளக்" என்று ஏதோ சொன்னார். அம்மா கூட வந்த மேஸ்திரியைப் பார்த்தாள்.

"தைரியத்த அவுக அப்படிச் சொல்லுவாக, ஆத்தா. ஆட்ட அறுத்து உருவுற ஈரக்குலைக்கும் அதே பேருதான். அதுலருந்து வந்த பேச்சாம். ஒம் புருசனுக்கு அது ரொம்பப் பெருசுங்கிறாக."

அணைந்த அடுப்பில் சட்டி அப்படியே இருந்தது.

"அறுத்த பெறகுதானே அது எம்புட்டுப் பெருசுன்னு தெரியுது" என்றாள் அம்மா.

கறிக்காரர் குலையைத் தூக்கிக் காட்டினார். "நல்ல பெருசும்மா, போடவா?"

வெறுங்கூடையோடு நடந்தேன்.