பச்சை நைலான் முடிச்சு

சித்தப்பாவின் மூக்கை நம்பித்தான் அந்த வீடு இத்தனை வருடம் தீப்பிடிக்காமல் இருந்தது. பிறர் வீட்டுத் தோட்டங்களில் புல்லும் வேலிச்செடியும் வெட்டுவது அவர் தொழில். மெஷின்களுக்கென்று வீட்டுக்குப் பின்னால் தள்ளி ஒரு தகரக் கொட்டகை. வேலையிலிருந்து வந்ததும் இன்ஜின் சூடு ஆறும்வரை வெளியிலேயே நிறுத்தி வைப்பார். பிளக் ஒயரைக் கழற்றி, தகட்டில் ஒட்டிய புல்லைச் சுரண்டி, கடைசியாக பெட்ரோல் கேனின் மூடியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். கழிவு ஆயிலைத் தனிக் கேனில் சேர்த்து, அதை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார்.

"அதுங்களைப் பாத்துக்கற மாதிரி என்னையும் பாத்திருந்தா நான் தேயாம இருந்திருப்பேன்" என்பாள் சித்தி.

"நீ பழைய மாடல். ஸ்பேர் கெடைக்காது."

பிறகு பேட்டரியில் ஓடும், வேலிச்செடி வெட்டும் மெஷின் வந்தது. புகை இல்லை, நாற்றம் இல்லை. நாற்றம் இல்லாத எதற்கும் சித்தப்பா பயந்ததில்லை. ஒருநாள் மெஷின் மதில்மேலிருந்து விழுந்தது. மறுவாரம் பேட்டரி அஜீரணக்காரன் வயிறுபோல உப்பிக்கொண்டது. செத்துப்போன டார்ச் செல்லைப் போடுவதுபோல அதைக் காகிதத்தில் சுற்றிச் சமையலறைக் குப்பையில் போட்டுவிட்டார்.

அடுத்த நாள் காலை புதுப் பேட்டரி வாங்க மெக்கானிக் கடைக்குப் போனோம். ஸ்கூட்டர் என்னுடையது.

"பழசு எங்கண்ணே?" என்றார் மெக்கானிக்.

"குப்பையில போட்டாச்சு. வண்டி வந்து எடுத்துட்டுப் போயிட்டான்."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "உப்பின பேட்டரியை வண்டி அமுக்கினா அங்கயே தீப்பிடிக்கும்ணே. பின்னாடி ஆளுங்க தொத்திக்கிட்டு வருவாங்களே."

அந்த ஆட்களில் ஒருவரை நாங்கள் மீசை என்றுதான் கூப்பிடுவோம். தினமும் சித்தப்பாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பவர். குப்பை வண்டியைத் தேடி ஸ்கூட்டரை விரட்டினேன்; பின்னால் சித்தப்பா. என் தோளைப் பிடித்த பிடியில் சட்டை கசங்கியது.

நாலு தெரு தள்ளி வண்டியைப் பிடித்தோம். டிரைவரின் கை குப்பையை அமுக்கும் நெம்புகோலில் இருந்தது.

"கொஞ்சம் நில்லுங்கய்யா. அமுக்கிடாதீங்க" என்றார் சித்தப்பா. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். மீசை சட்டென்று படியிலிருந்து இறங்கினார்.

"எல்லாமே கறுப்புப் பைதான். இதுல உங்களுது எதுண்ணே?"

சித்தப்பா பழக்கதோஷத்தில் மூக்கை நீட்டினார். ஊர்க்குப்பை முழுவதும் அங்கே ஒரே நேரத்தில் நாறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணால் தேடினார். அமுக்கும் தகட்டுக்கு அடியில், பாதி நுழைந்தபடி, பச்சையாக ஒரு முடிச்சு.

புல்வெட்டும் மெஷினில் கத்திபோலச் சுழன்று தேய்ந்துபோகும் பச்சை நைலான் கயிற்றைச் சித்தி வீணாக்க மாட்டாள். துண்டு துண்டாக நறுக்கிக் குப்பைப் பையைக் கட்டுவாள். "வீட்டுல கயித்துக்கா பஞ்சம்?" என்று சித்தப்பா எத்தனையோ தரம் சத்தம் போட்டிருக்கிறார்.

மீசை குழந்தையைத் தூக்குவதுபோல அந்தப் பையை எடுத்து இறக்கினார். பொட்டலம் நசுங்கவில்லை, சுடவும் இல்லை. எதிரே வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓர் இரும்பு வாளியில் காய்ந்த மணல் தந்தார்கள். பேட்டரியை அதில் புதைத்ததும் சித்தப்பா நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்கண்ணே" என்றார் மீசை. "எனக்கு ஒண்ணும் ஆகல. மீசைகூடக் கருகல."

"மன்னிச்சுக்கப்பா."

"அதெல்லாம் இருக்கட்டும். தண்ணி இருக்கா?"

சித்தப்பா சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். வாளியைப் பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம்.

சித்தி முழுதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள். "கயித்துக்கா பஞ்சம்?"

இப்போதெல்லாம் தேய்ந்த நைலானைச் சித்தப்பாவே நறுக்கிச் சமையலறை ஜன்னலில் வைக்கிறார். கொட்டகையைச் சாத்துமுன் கேன் மூடியை முகர்கிறார். பிறகு ஒவ்வொரு பேட்டரியின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார்.

"என்ன, ஜுரமா?" என்று உள்ளேயிருந்து கேட்பாள் சித்தி.

"இல்ல. எல்லாம் நல்லாத் தூங்குது."