செல்வியை மாடிக்கு அனுப்பிய ஆராய்ச்சி

போன வெள்ளிக்கிழமை தி.நகரில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போய், கையை வீசிக்கொண்டு திரும்பி வந்தேன். ஆவணி முகூர்த்தம் நெருங்குகிறது. நாத்தனார் பெண்ணுக்குப் பட்டுச் சேலை எடுத்தாக வேண்டும். ஆனாலும் எடுக்கவில்லை. ஏன் என்கிறீர்களா? சொல்கிறேன்... இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

வழக்கம்போல் ஜமக்காளத்தில் போய் உட்கார்ந்தேன். எப்போதும் எனக்குச் சேலை காட்டும் செல்வியைக் காணோம். அவள் இடத்தில் ஓர் இளைஞன். கைகூப்பி, "வணக்கம். தாங்கள் எவ்வகைச் சேலையைக் காண விரும்புகிறீர்கள்?" என்றான்.

இது சேலைக் கடையா, ரேடியோ செய்தியா?

நானாவது சிரித்துவிட்டேன். பக்கத்தில் ஒரு மீன்கார அம்மாள், மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவள். அவளிடமும் அதே பாட்டுத்தான் — "தங்கள் விருப்ப நிறம் யாது?" அந்த அம்மாள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "வா கண்ணு, வேற கடைக்குப் போலாம். சேல வாங்க வந்தா இந்த நைனா கோர்ட்ல கேக்கறா மாரி கேட்டுக்கினு கீறாரு!"

செல்வி எங்கே என்று விசாரித்தேன். மாடியில் சேலைகளுக்கு விலைச்சீட்டு ஒட்டுகிறாளாம். தடுக்கத் தடுக்க ஏறிப் போனேன். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். என்னிடம் எப்போதும் பார்த்துப் பார்த்துப் பேசுகிற பெண், அன்றைக்குத் தன் பட்டினப்பாக்கத்துப் பேச்சிலேயே கொட்டித் தீர்த்தாள்.

"இன்னாக்கா சொல்றது... ஒரு புரொபசர் வந்தாரு. டேப் ரிக்கார்டர வச்சிக்கினு ஒக்காந்தாரு. நாங்க வேலைல எப்டி பேசறோம்னு ஆராய்ச்சி பண்றாராம். போம்போது மொதலாளியாண்ட, இந்தப் பொண்ணு நாலு தமிழ் பேசுதுன்னாரு. அவ்ளோதான்! மறுநாளே என்னிய மேல ஏத்திட்டாங்க. கீழ நின்னு வித்தாத்தான்க்கா கமிஷன். தங்கச்சி படிப்பே அதுலதான் ஓடிக்கினு கீது."

நாலு தமிழ் பேசுவாள் என்பது வாஸ்தவம். மயிலாப்பூர் மாமி வந்தால், "இது உங்காத்துப் பொண்ணுக்கு அம்சமா இருக்கும் மாமி, எடுத்துண்டு போங்கோ" என்பாள். குப்பத்துப் பெண்கள் வந்தால், "இத்தப் பாரு யக்கா, சாயம் போவாது, சோக்கா கீது!" முதலாளியின் திருநெல்வேலி உறவுக்காரர்கள் வந்தால், "வாங்க மைனி, இருங்க." எங்களைப் போல ஆபீசிலிருந்து ஓடி வருகிறவர்களுக்கு, "லேட்டஸ்ட் டிசைன் மேடம்!"

இது குற்றமா? வந்தவளுக்குக் கூச்சம் போக, அவள் வீட்டுப் பேச்சிலேயே பேசுகிறாள். இதைவிடப் பெரிய மரியாதை ஒரு கடையில் என்ன இருக்கிறது?

நேரே கல்லாவுக்குப் போனேன்.

"என்ன அண்ணாச்சி, செல்வி என்ன தப்புப் பண்ணினாள்?"

"தப்புன்னு யாரும்மா சொன்னாக? படிச்சவுக வந்து பாத்துட்டு, நாலு தமிழ் பேசுதான்னு சொல்லிட்டாகல்லா! ஒரு கடைக்கு நாலு தமிழ் என்னத்துக்கு? இனி எல்லாரும் ஒரே தமிழ், நல்ல தமிழ்தான் பேசணும்னு ஆர்டர் போட்டுட்டேன்."

"இப்போது நீங்கள் பேசுகிறது?"

"நான் மொதலாளில்லா!"

கேட்டீர்களா? கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பிறந்த ஊர்ப் பேச்சைப் பேசலாம். கால்கடுக்க நிற்கிறவர்கள்தான் நாக்கைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும்! இந்தக் கடையில் மட்டுமா? எங்கள் ஆபீசில் மேனேஜர் "யோவ்" என்று கூப்பிட்டால் அது உரிமை. பியூன் வாய்தவறி "இன்னா சார்" என்றால் அது திமிர். இந்த இலக்கணத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. சம்பளம் வாங்கத் தொடங்கியதும் தானாக வந்துவிடுகிறது.

விட மனமில்லை. புரொபசர் வீட்டு விலாசம் விசாரித்து, மறுநாளே அடையாறுக்குப் பஸ் ஏறினேன். நல்ல மனிதர். காபி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் பதறிப் போனார்.

"அடடா, நான் பாராட்டித்தானே சொன்னேன்! வேலை பார்க்கற எடத்துல, எதிராளிக்குத் தகுந்த மாதிரி மனுஷா பேச்சை மாத்திக்கறா. இதுதான் என் தியரி. அந்தப் பொண்ணு அதுக்கு முதல்தரமான உதாரணம்."

"அப்படியானால் வந்து, இதையே அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். படித்தவர் சொன்னால் கேட்பார். அவளும் கீழே வந்துவிடுவாள்."

புரொபசர் தலையைச் சொறிந்தார். "அது முறையில்லையே... நாங்க கவனிக்கலாம். தலையிடப்படாது."

தலையிடக் கூடாதாம்! இவர் தலையிடாமல்தான் அவள் மாடிக்குப் போனாளா? ஒரு பெண்ணின் பேச்சை டேப்பில் பிடித்து, அதை அவள் பிழைப்புக்கே வினையாக்கி வைப்பது ஆராய்ச்சி. அவளுக்காக ஒரு வார்த்தை பேசுவது மட்டும் தலையீடு. வாயில் வந்ததைக் கேட்டேவிட்டேன். அண்ணாச்சி "நான் மொதலாளில்லா" என்றதையும் சேர்த்துச் சொன்னேன்.

புரொபசர் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"ஆஹா! அதை அப்படியே இன்னொரு தரம் சொல்லுங்கோ" என்று டேப் ரிக்கார்டரின் பட்டனை அழுத்தினார்.

நான் சொன்னேன். அண்ணாச்சி சொன்னதை அல்ல. அந்த மெஷினுக்குள் நான் என்ன சொன்னேன் என்பதை எழுதினால் நம் பத்திரிகை ஆசிரியர் அச்சில் ஏற்ற மாட்டார்.

நேற்று புரொபசர் டெலிபோன் செய்தார். கோபமே இல்லை, குஷியாகப் பேசினார். கட்டுரையை எழுதி அனுப்பிவிட்டாராம்.

செல்விதான் இன்னும் கீழே வரவில்லை.